கண்டி இராச்சியத்தில் ஐரோப்பியக் கைதிகள்: மீட்புத் தூதுகள்

17ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை கண்டி மன்னர்களிடம் பிடிபட்டிருந்த ஐரோப்பியரை விடுவிக்க, சென்னையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் நடந்த முயற்சிகள். இந்தச் சிறை பெரும்பாலும் கம்பிக் கதவுக்குள் இல்லை. கைதிகளை ஊருக்கு ஒருவராகப் பிரித்துவிடுவார்கள். சோறு போடுவது ஊராரின் கடமை. சுற்றியுள்ள மலைகளும் காடும் கணவாய்க் காவலும்தான் மதில்.

மிக விரிவாகத் தெரிந்த வழக்கு ராபர்ட் நொக்ஸுடையது. 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் புயலில் பாய்மரம் இழந்து, பழுதுபார்க்கக் கொட்டியார்க் குடாவுக்கு வந்தது. 1660 ஏப்ரலில் அதன் தலைவரும் பதினைந்து பேரும் கண்டி மன்னர் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களிடம் அகப்பட்டனர். தலைவரின் மகனான நொக்ஸைத் தந்தையின் செய்தியோடு கப்பலுக்கு அனுப்பினார்கள். செய்தியைச் சொன்னவர் அப்படியே கப்பலில் தங்கிவிட்டிருக்கலாம். தந்தைக்குக் கொடுத்த வாக்குக்காகக் கரைக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டே தந்தை காய்ச்சலில் இறந்தார். மகனோ தொப்பி பின்னி விற்று, நெல்லை வட்டிக்குக் கொடுத்து, கண்டிக்குத் தெற்கே எலதெத்தவில் நிலம் வாங்கிக் குடியிருந்தார்.

விடுதலைக்கு மிக அருகில் வந்தது 1664இல். சென்னைக் கோட்டையின் முகவர் சேர் எட்வர்ட் வின்டர் மன்னருக்குக் கடிதம் எழுதினார். கொழும்பு ஒல்லாந்த ஆளுநரின் தூதர் ஹென்ட்ரிக் திராக்கும் ஆங்கிலேயருக்காகப் பரிந்து பேசினார். கண்டிக்கு அருகே நில்லம்பை அரண்மனைக்கு அழைக்கப்பட்ட கைதிகளிடம், அவர்களை அனுப்பிவைக்க மன்னர் மனம் வைத்திருப்பதாகவும், தங்கிப் பணி செய்ய விரும்புவோருக்குப் பட்டமும் பரிசும் உண்டு என்றும் சொல்லப்பட்டது. ஒருவரும் தங்கச் சம்மதிக்கவில்லை. அந்த டிசம்பரில் வானில் வால்வெள்ளி தோன்றியிருந்த நேரத்தில் மன்னருக்கு எதிராகக் கலகம் மூண்டது. கலகம் அடங்கியது, விடுதலைப் பேச்சும் அதோடு அடங்கிப் போனது.

பரிந்து பேச வந்த திராக்கின் கதிதான் இந்த வரலாற்றின் கசப்பான வேடிக்கை. மன்னர் அவரை விரும்பினார், அதனாலேயே திருப்பி அனுப்பவில்லை. 1670இல் அவர் கண்டியிலேயே இறந்தபின் உடலை மரியாதையோடு கொழும்புக்கு அனுப்பிவைத்தார். 1672இல் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் தெ லா ஹே அனுப்பிய தூதர் லனரோல், அரசவை முறைகளை மதிக்காததால் விலங்கு பூட்டப்பட்டு, நாடு திரும்பாமலே இருந்துவிட்டார். முறை என்பது அங்கே சில்லறை விஷயமல்ல. ஆளுநரின் கடிதம் வெள்ளித் தட்டில், தலைமேல் சுமந்தே அரண்மனைக்குப் போகும். தூதர் மகாவலிக்கரையில் கன்னொறுவையில் தங்கி அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். ஆளுநர்கள் கேட்டது உரிமை. மன்னர் கொடுக்க நினைத்தது கருணை. பேச்சுவார்த்தைகள் முறிந்ததற்கு இதுவே முதற்காரணம் என்று சொல்லத் தோன்றுகிறது.

கடைசியில் நொக்ஸை மீட்டது அவருடைய கால்கள்தான். 1679 அக்டோபரில் சக கைதி ஸ்டீபன் ரட்லண்டோடு, வியாபாரிகள்போல அநுராதபுரம் வரை போய், மல்வத்து ஓயாவை ஒட்டித் தமிழ் பேசும் வன்னிக் காடுகளைக் கடந்து, அரிப்பில் இருந்த ஒல்லாந்தக் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் வெளியான அவருடைய நூல்தான் இன்று நமக்குள்ள முதன்மைச் சான்று.

நூற்றாண்டுக்கு மேல் கழித்து, கொழும்பு ஆங்கிலேயர் வசமான பின்பும் கைதிகள் கதை தொடர்ந்தது. 1803 ஜூனில் கண்டியை விட்டு விலகிய ஆங்கிலப் படை, வத்தப்புளுவையில் மகாவலி பெருக்கெடுத்ததால் கடக்க முடியாமல் நின்றது. தாங்கள் முடிசூட்டிய முத்துசாமியைப் படைத்தலைவர் மேஜர் டேவி ஒப்படைத்தும் பயனில்லை. முத்துசாமியும் படையினரும் கொல்லப்பட்டனர், டேவி கைதியானார். ஆங்கிலேய ஆளுநர்கள் நோர்த், மெய்ட்லண்ட் இருவர் காலத்திலும் மீட்பு முயற்சிகள் நடந்தன. ஆங்கில அரசின் அதிகாரி ஜோன் டொயிலி ஒற்றர்கள் மூலம் டேவியோடு இரகசியமாகத் தொடர்பு வைத்திருந்தார். 1812ஐ ஒட்டி டேவி கண்டியிலேயே இறந்தார்.

1815 பெப்ரவரியில் மெதமகாநுவரப் பக்கத்தில் பிடிபட்டவர் மன்னர் சிறீ விக்கிரமராசசிங்கனே. அடுத்த ஆண்டு ஆங்கிலேயர் அவரைக் குடும்பத்தோடு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டு சென்றனர். அவரை மீட்கத் தூது அனுப்ப ஓர் அரசு மிஞ்சியிருக்கவில்லை. 1832இல் வேலூரிலேயே இறந்தார்.