கோடரியில் பள்ளம் இல்லாத பக்கம்

அரிசோனாவின் கிலா ஆற்றோரம் இருக்கும் ஸ்னேக்டவுனை எமில் ஹாரி 1934–35-லும், மறுபடி 1964–65-லும் அகழ்ந்தார். பாலைநிலத்தில் வாய்க்கால் வெட்டி மக்காச்சோளம் விளைத்த ஹோஹோகாம் மக்களின் ஊர் அது. அகழாய்வு அறிக்கைகளில் நான் பின்தொடர்ந்தது அங்கே தேய்த்து உருவாக்கிய கற்கருவிகளை. அவற்றின் வடிவம் எங்கிருந்து வந்தது?

இதற்கு முன், இம்மக்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கு ஹாரியிடமே இரண்டு விடைகள் உண்டு. முதலில் அவர்களை உள்ளூர்த் தொல்குடியின் வழிவந்தவர்களாகக் கருதினார். 1976-இல் வெளியான நூலிலோ, வாய்க்கால் நுட்பத்தோடு மெக்சிகோவிலிருந்து குடியேறியவர்கள் என்று மாற்றிக்கொண்டார். பின்னர் டூசான் அருகே லாஸ் காபாஸில் கி.மு. 1000-க்கும் முற்பட்ட வாய்க்கால்கள் வெளிப்பட, குடியேற்ற வாதம் வலுவிழந்தது. ஆகவே கற்களைத் தனியாகவே விசாரிக்க வேண்டும்.

முதல் தடயம் பாறை. அரைகல்லுக்கு விரும்பப்பட்டது நுண்துளைகள் நிறைந்த எரிமலைப் பாறையான பசால்ட். பீனிக்ஸுக்கு வடக்கே நியூ ரிவர் பகுதியில் அதைச் செதுக்கிய களங்கள் கண்டறியப்பட்டுள்ளன. கல் அந்த வட்டாரத்தது. ஆனால் கல்லின் ஊரே வடிவத்தின் ஊராக இருக்க வேண்டியதில்லை.

அடுத்தது மெடாட்டே, அதாவது அம்மி போன்ற அடிக்கல். தொடக்கத்தில் ஆழமற்ற குழியும் ஒரு கைக்கு அடங்கும் குழவியும் இருந்தன. பிறகு தொட்டி வடிவமும் இரு கையால் தள்ளும் குழவியும் வந்தன. இதை வெளியார் தாக்கம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் கருவியின் தேய்மானத்தைப் படித்து அதன் பயன்பாட்டை அறியும் ஜென்னி ஆடம்ஸின் முறை (2002) நிதானிக்கச் சொல்கிறது. பெரிய குழவிக்கு அரைக்கும் பரப்பு அதிகம். மாவு நிறையத் தேவைப்பட்டாலே இவ்வடிவம் பிறந்துவிடலாம்.

அப்படியானால் தேவை தீர்மானிக்காத கூறுகளைத்தான் பார்க்க வேண்டும். ஹோஹோகாம் தொட்டியின் இரு முனைகளும் திறந்திருக்கும். வடக்கே கொலராடோ மேட்டுநிலத்துப் பழைய தொட்டிகளில் பெரும்பாலும் ஒரு முனை மூடியிருக்கும். இரண்டிலும் அரைபட்டது மக்காச்சோளமே.

கோடரி இன்னும் தெளிவாகப் பேசுகிறது. பிடியைக் கட்டுவதற்கான பள்ளம், மேட்டுநிலத்தில் கல்லை முழுவதும் சுற்றிவரும்; தெற்கே மூன்று பக்கத்தோடு நின்றுவிடும். பள்ளமில்லாத நான்காம் பக்கத்தில் ஆப்பு செருகிப் பிடியை இறுக்கலாம். எனவே இதிலும் பயன் உண்டு என்று மறுக்கலாம். ஆனால் பயன் மட்டுமே காரணமென்றால், மேட்டுநிலத்தார் நூற்றாண்டுகளாக முழுப்பள்ளத்தையே விடாமல் வைத்திருந்தது ஏன்?

வட்டாரத் தாக்கத்தை நான் நம்பிப் படிப்பது இங்கேதான்: இரண்டு வழிகளும் வேலைக்கு உதவும்போது, கற்றுக்கொடுத்தவரின் வழக்கமே கல்லில் தங்குகிறது.