அறுந்த கம்பியும் அறாத பணியும்

மாத்தளை நகரிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில், அலுவிகாரைக் குன்றைக் கடந்து சென்றால் பலாபத்வல என்னும் சிற்றூர் வந்துசேரும். கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த பௌத்த மறைநூல்கள் ஏட்டில் எழுதப்பெற்ற இடம் அந்த அலுவிகாரை என்பது மரபு. பஞ்சமும் போரும் ஓதுவாரைக் கொண்டுபோயின. ஓதுவார் மறைந்தால் ஓதப்பட்டதும் மறையுமே என்னும் அச்சம் எழுந்தது. நினைவைச் சுமந்த மனிதரிடமிருந்து அதனைப் பிரித்து வேறோரிடத்தில் இருத்த வேண்டியதாயிற்று.

அதே சாலையோரத்துக்கு 2022-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் சிறியதோர் அச்சம் வந்தது. எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இன்றி, இலங்கை முழுவதிலும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. வீட்டு விளக்கு அணைந்தால் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொள்ளலாம். ஆனால், பலாபத்வலப் பகுதியில் தம் வீட்டில் அமர்ந்தவாறே, கொழும்பிலோ கடல் கடந்த நாட்டிலோ இருக்கும் ஒரு கணினியை இயக்கிக்கொண்டிருப்பவருக்கு மெழுகுவர்த்தி என்ன செய்யும்? பெரியதொரு தரவுத்தொகுதியைப் படியெடுக்குமாறு ஆணையிட்டு, அவ்வேலை முக்காற்பங்கு முடிந்த வேளையில் இங்கே மின்சாரம் நின்றுவிடுகிறது என்று கொள்வோம். தொலைவிலுள்ள கணினிக்குக் குறையொன்றுமில்லை. அங்கே மின்பிறப்பாக்கி உண்டு. ஆயினும் இடையிலுள்ள இணைப்பு அறுந்ததும் வேலையும் அறுந்துபோவதே கணினிகளின் பழைய வழக்கம்.

இவ்வழக்கத்தின் வேர் தந்திக் காலத்தில் இருக்கிறது. இலங்கையில் கொழும்பையும் காலியையும் இணைத்த முதல் தந்திக்கம்பி 1858-இல் இயங்கத் தொடங்கியது. அக்காலத்தில் ஒரு கம்பியில் ஒரு வேளையில் ஒரு செய்திதான் செல்லும். கம்பி விலையுயர்ந்தது, அதனைக் காடும் மலையும் தாண்டி இழுத்துச் செல்வதோ அதனினும் செலவு மிக்கது. ஆகவே ஒரே கம்பியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் வழியை அறிஞர் தேடினர். பிரான்சைச் சேர்ந்த எமில் பாடோ 1874-இல் அதற்கொரு பொறியமைத்து உரிமம் பெற்றார். சுழலும் தொடுகை ஒன்று ஒவ்வொரு தந்தியாளரையும் முறைவைத்துத் தொட்டுச் செல்லும். தம் முறை வரும் கணத்தில் ஒவ்வொருவரும் ஓர் எழுத்தை அனுப்புவார். கம்பி ஒன்றே, ஆயினும் ஒவ்வொருவருக்கும் தனிக்கம்பி இருப்பது போன்ற தோற்றம். செய்திவேகத்தை அளக்கும் ‘பாட்’ என்னும் அலகு அவர் பெயரால் வந்ததே.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து இதே எண்ணம் கணினிக்கு வந்தது. 1950-களில் கணினியிடம் வேலை கேட்பவர் துளையிட்ட அட்டைகளை அடுக்கிக் கொடுத்துவிட்டு, விடைக்காக மணிக்கணக்கில் காத்திருந்தார். ஓர் எழுத்துப் பிழையென்றால் மறுபடியும் காத்திருப்புத்தான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜான் மக்கார்த்தி 1959-இல் ஒரு குறிப்பு எழுதி, கணினியின் நேரத்தைச் சிறுசிறு துண்டுகளாக நறுக்கிப் பலருக்கும் பங்கிடலாம் என்றார். அக்கழகத்திலேயே பெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழுவினர் 1961 நவம்பரில் அதனைச் செய்து காட்டினர். பயனர் முன்னிருந்தது திரையன்று. தட்டச்சுப் பொறி போன்றதொரு கருவி. அவர் ஆணையைத் தட்டுவார். கணினி விடையைத் தாளில் தட்டித் தரும். எழுத்தால் ஆணையிட்டு எழுத்தால் விடைபெறும் இம்முறையே இன்றும் ‘கட்டளை வரி’ எனப்படுகிறது.

1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டெனிஸ் ரிச்சியும் உருவாக்கத் தொடங்கிய யுனிக்ஸ் இயங்குதளம், தந்தியின் தலைமுறைச் சொத்துகள் சிலவற்றை அப்படியே ஏற்றுக்கொண்டது. அதில் முனையத்தின் பெயர் ‘டி.டி.ஒய்.’, அது தொலையச்சுப் பொறியின் பெயர்ச் சுருக்கம். தொலைபேசிக் கம்பி வழியே வரும் பயனர் ஒலிவாங்கியை வைத்துவிட்டால், அவர் தொடங்கிய வேலைகளுக்கெல்லாம் ‘ஹேங்கப்’ என்னும் அறிகுறி அனுப்பப்படும், அவை முடிந்துபோகும். ஆள் போன பின் அவருக்காகக் கணினி ஏன் உழைக்க வேண்டும்? அன்றைய விலைக்கு அது நேர்மையான விதிதான். ஆனால் பயனர் தாமே போனாரா, கம்பி அறுந்ததா என்பதைப் பிரித்தறியக் கணினிக்கு வழியில்லை. விதி இரண்டுக்கும் ஒரே தண்டனையை விதித்தது.

இதற்குப் பழைய மாற்று ஒன்றும் இருந்தது. ‘நோஹப்’ என்னும் கட்டளையை முன்னே இட்டால், குறிப்பிட்ட வேலை அந்த அறிகுறியைக் காதில் வாங்காமல் தொடரும். ஆனால் அதனிடம் திரும்பி வந்து பேச முடியாது; வேலை இடையில் ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்லவும் ஆளில்லை.

1987-இல் ஜெர்மனியில், பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒலிவர் லாவ்மன், கார்ஸ்டன் போர்மன் இருவரும் ‘ஸ்கிரீன்’ என்னும் மென்பொருளை எழுதினர். அதன் உபாயம் எளியது. பயனருக்கும் வேலைக்கும் இடையில் ஓர் இடையாளை அமர்த்தினர். இவ்விடையாள் தொலைவிலுள்ள கணினியிலேயே குடியிருப்பான். வேலைகள் பயனரின் முனையத்தோடு பேசுவதாக எண்ணிக்கொண்டு, உண்மையில் இவன் உண்டாக்கிய போலி முனையங்களோடு பேசும். இணைப்பு அறுந்தால் அடிபடுவது பயனர் பக்கத்துக் கண்ணி மட்டுமே. இடையாள் கலங்குவதில்லை, அவன் கையிலுள்ள வேலைகளும் கலங்குவதில்லை. மேலும், போலி முனையங்களை எத்தனை வேண்டுமாயினும் அவன் உண்டாக்கலாம். ஒன்றில் படியெடுப்பு நடக்கும். ஒன்றில் பதிவேடுகள் ஓடும். ஒன்றில் பயனர் எழுதிக்கொண்டிருப்பார். பாடோ ஒரு கம்பியைப் பலருக்குப் பங்கிட்டார். இங்கோ ஒருவரே பலராகி ஒரு கம்பியைப் பங்கிட்டுக்கொள்கிறார்.

2007-இல் நிக்கலஸ் மேரியட் இதே பணிக்கு ‘டிமக்ஸ்’ என்னும் புதிய மென்பொருளை வெளியிட்டார். 2009-இல் ஓப்பன் பி.எஸ்.டி. இயங்குதளத்தின் 4.6 பதிப்பில் அது உள்ளிணைந்த பகுதியாயிற்று. ‘ஸ்கிரீனை’ அழைக்கக் கண்ட்ரோல் விசையுடன் ‘ஏ’ எழுத்தை அழுத்தவேண்டும். ‘டிமக்ஸை’ அழைக்க ‘பி’. காரணம் சுவையானது: ‘டிமக்ஸ்’ தன் தொடக்கக் காலத்தில் ‘ஸ்கிரீனுக்குள்’ளேயே இருந்து வளர்ந்தது, தாங்கியவளின் விசையோடு மோதாதிருக்கப் பிள்ளை அடுத்த எழுத்தை எடுத்துக்கொண்டது. இதில் ஓர் அமர்வுக்குள் பல சாளரங்கள். ஒரு சாளரத்தை நெடுக்காகவும் குறுக்காகவும் பிரித்தால் பல கட்டங்கள். அடியில் ஒரு பச்சைப் பட்டை. இருவர் வெவ்வேறு ஊர்களிலிருந்து ஒரே அமர்வில் சேரவும் கூடும். ஒருவர் தட்டுவதை மற்றவர் பார்த்துத் திருத்தலாம்.

இலங்கைக்கு இந்த உபாயத்தின் அருமை எளிதில் விளங்கும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அபய இந்துருவ முன்னின்று தொடங்கிய ‘லேர்ன்’ கல்வி வலையமைப்பு, 1990-களின் தொடக்கத்தில் தொலைபேசி அழைப்பையே நம்பி மின்னஞ்சல்களை அனுப்பியது. கம்பி கிடைக்கும் வரை கடிதங்கள் காத்திருந்தன. 1995-இல் வணிக இணையச் சேவை இத்தீவில் தொடங்கியது. அதே ஆண்டில் பின்லாந்தின் டாட்டு யலோனென், தொலைக் கணினியோடு மறைவாகப் பேசும் ‘எஸ்.எஸ்.எச்.’ வழியை வெளியிட்டார். இன்று ‘டிமக்ஸை’ நாடுவோர் பெரும்பாலும் அவ்வழியிலேயே தொலைக் கணினியை அடைகின்றனர்.

இந்த இடையாளுக்கும் ஓர் எல்லை உண்டு. அவன் குடியிருக்கும் கணினியே நின்றுபோனால் அமர்வுகள் அனைத்தும் அவனோடு போய்விடும். அவன் எதையும் ஏட்டில் எழுதிவைப்பதில்லை. ஏட்டுக்கும் அழிவு உண்டு என்பதை 1848-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் தன் சுவடிகளை இழந்த அலுவிகாரை அறியும். ஆகவே அனுபவமுள்ளோர் அமர்வைத் திறந்து வைத்திருந்தாலும், விளைவுகளை அவ்வப்போது கோப்பில் சேமித்து, அதன் படியொன்றை வேறொரு கணினிக்கும் அனுப்பிவிடுகின்றனர்.

மின்சாரம் மீண்டதும் பலாபத்வலவில் இருப்பவர் மறுபடி இணைந்து, அமர்வோடு சேர்க்குமாறு ஒரே ஒரு கட்டளையைத் தட்டுகிறார். பச்சைப் பட்டை தோன்றுகிறது. படியெடுப்பு எப்பொழுதோ முடிந்திருக்கிறது. பக்கத்துக் கட்டத்தில், மின்வெட்டுக்கு முன் பாதியில் விட்ட சொல்லின் அருகே சுட்டி மின்னிக்கொண்டிருக்கிறது.