துருப்பிடிக்க நேரமில்லாத டாங்கி

1942 ஜனவரி 7 காலையில் ஸ்லிம் ரிவர் பாலத்தைப் பிடித்த ஜப்பானிய டாங்கிகள் எந்த நிறத்தில் இருந்தன? இதற்கு ஓரளவு பதில் உண்டு. போரின் தொடக்கத்தில் ஜப்பானியத் தரைப்படை டாங்கிகளுக்குக் காக்கி, பழுப்பு, பச்சை என்று திட்டுத் திட்டாக அடித்து, அதன்மேல் நெளிநெளியாக ஒரு மஞ்சள் பட்டையும் ஓட்டுவார்கள். படங்கள் கறுப்பு வெள்ளையில்தான் இருக்கின்றன என்றாலும் இதை யூகித்துவிடலாம். அந்த டாங்கி எவ்வளவு அழுக்காக இருந்தது என்பதுதான் சிரமமான கேள்வி. கடந்த நான்கு மாதமாக என் சனிக்கிழமை இரவுகளை அது தின்றுகொண்டிருக்கிறது.

சுங்கை வேயில் ஒரு அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில் ஏழு பேர் கூடுகிறோம். 1/35 அளவில் பிளாஸ்டிக் டாங்கி செய்கிற ஆட்கள். எல்லாரும் ஒரே தலைப்பில், ஒரே கெடுவுக்குள், ஆளுக்கொன்று செய்து முடிக்க வேண்டும். ‘குரூப் பில்டு’ என்று இதற்குப் பெயர். போட்டி கிடையாது. பரிசு என்று பார்த்தால் அடுத்தவன் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க முடிவதுதான். இந்த முறை தலைப்பு ‘மலாயா 1941–42’. அதைச் சொன்னவர் ஒரு சீன நண்பர். “எத்தனை தடவைதான் ஜெர்மன்காரன் டாங்கியே செய்யிறது, நம்ம ஊர்ல டாங்கி ஓடலையா?” என்று கேட்டார். கேள்வி நியாயமாகப் பட்டதால் யாரும் மறுக்கவில்லை.

மலேசியாவில் ‘தாமியா’ என்றால் பலருக்கும் பள்ளிக்கூடத்து வயதில் ஓடவிட்ட பேட்டரி கார்தான் ஞாபகம் வரும். அந்தக் கம்பெனியின் கதை போரோடு ஒட்டியது. ஜப்பான் தோற்ற மறு வருஷம், 1946இல், ஷிசுவோக்கா நகரில் மரம் அறுக்கும் தொழிலாக அது தொடங்கியது. பிறகு மரத்தில் மாடல்கள் செய்தார்கள். 1960இல் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். அடுத்த ஓரிரு வருஷத்தில் ஜெர்மானியப் பாந்தர் டாங்கி வந்தது. மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்க வேண்டும் என்று அளவை வைத்துப் பார்த்தார்கள், கணக்கு 1/35க்கு வந்தது. இன்றைக்கு உலகம் முழுவதும் டாங்கி மாடல்களுக்கு அதுதான் அளவு, அதற்கு மூலகாரணம் ஒரு பேட்டரி! பெட்டிமேல் இருந்த ஓவியம் ஷிகேரு கொமாட்சுசாகி வரைந்தது. தோற்ற நாட்டுச் சிறுவர்கள் வாங்கி ஒட்டியது, தோற்ற இன்னொரு நாட்டின் டாங்கி. தங்கள் சொந்த டாங்கியான டைப் 97 சி-ஹாவை அந்தக் கம்பெனி 1970களில்தான் அச்சில் ஊற்றியது. என் மேசையில் இருப்பது அதே அச்சில் வந்த பெட்டி. நிஜத்தில் ஐந்தரை மீட்டர் நீளமும் 15 டன் எடையும் கொண்ட வண்டி, என் உள்ளங்கையில் பதினாறு சென்டிமீட்டர்.

ஒட்டுவது இரண்டு வார வேலை. உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். அடிப்பூச்சு, நிறம், எண்கள், பளபளப்பு வார்னிஷ், அதன்மேல் நீர்க்கக் கரைத்த எண்ணெய்ச் சாயத்தை ஆணிகளின் ஓரத்திலும் மூட்டுகளிலும் ஓடவிடுவது, ஸ்பாஞ்சுத் துண்டால் பெயின்ட் உதிர்ந்த மாதிரி புள்ளி வைப்பது, துரு வழிந்த கோடுகள், கடைசியாகப் பொடித்த மண். இந்தப் பழுதாக்கும் வேலைக்கு என்று ஒரு பரம்பரையே இருக்கிறது. அமெரிக்காவில் ஷெப் பெய்ன், பெல்ஜியத்தில் வெர்லிண்டன், பிறகு மிக் ஜிமெனெஸ் முதலான ஸ்பானியக்காரர்கள். அவர்கள் கற்றுக்கொடுத்ததைத்தான் நாங்கள் சுங்கை வேயில் செய்துகொண்டிருக்கிறோம். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவர்கள் மனதில் இருந்தது ஐரோப்பா, ருஷ்யச் சேறும் நார்மண்டித் தூசியும் பெர்லின் இடிபாடும். கடையில் விற்கும் மண்பொடிப் புட்டிகளின் பெயர்களே அப்படித்தான். பேராக் மண் என்று ஒரு புட்டியை நான் பார்த்ததில்லை.

எங்களில் இளையவன் ஒரு பையன், எஞ்சினியரிங் படிக்கிறான். அவனுடைய ஹா-கோவில் ஆரஞ்சு நிறத் துருவை வாரி இறைத்திருந்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

“தம்பி, இது எந்த மாசத்து டாங்கி?”

“ஜனவரி, அண்ணே. ஸ்லிம் ரிவர்.”

“எப்ப வந்து எறங்குனாங்க?”

கொஞ்சம் யோசித்தான். “டிசம்பர் எட்டு.”

“அப்ப இத்தனை துரு எப்படா பிடிச்சிருக்கும்?”

முதல் தரையிறக்கத்துக்கும் ஸ்லிம் ரிவருக்கும் இடையில் முப்பது நாள். சிங்கோராவில் இறங்கியது என்று வைத்துக்கொண்டால் ஐந்நூறு கிலோமீட்டர் அளவுக்கு ஓட்டம். மழை உண்டு. ஆனால் பெயின்ட் புதிது. தகட்டில் துரு ஆழமாக இறங்க நேரமே இல்லை. புகைபோக்கி மட்டும் விலக்கு, சூட்டில் பெயின்ட் எரிந்து அது சீக்கிரம் துருவேறிவிடும். டீசல் எஞ்சின் என்பதால் பக்கத்தில் கரி படிந்திருக்கும். சக்கரப் பட்டையோ துருவாக இருக்கவே முடியாது. தாரில் உரசி உரசி வெள்ளிபோல மின்னியிருக்கும். ஆம், தார். மலாயாவின் மேற்குக் கரை நெடுஞ்சாலை அந்தக் காலத்து ஆசியாவில் மிக நல்ல சாலைகளில் ஒன்று. சேறு பூச ஆசைப்படுகிறவர்கள் அந்த டாங்கி சாலையை விட்டு இறங்கிய இடத்தைத் தேட வேண்டும். அப்படி இறங்கிய இடங்கள் உண்டு, அங்கேதான் இந்தச் சண்டையின் முடிச்சே இருக்கிறது.

ஸ்லிம் ரிவருக்கு வடக்கே துரோலாக். காம்பாரை விட்டுப் பின்வாங்கிய 11வது இந்திய டிவிஷன் அங்கே சாலையை ஒட்டி நின்றது. முன்னால் 4/19 ஹைதராபாத், அதற்குப் பின்னால் 5/2 பஞ்சாப், அதற்கும் பின்னால் ஸ்காட்லாந்து ஆர்கைல் படை. அவர்களுக்குத் தெற்கே கூர்க்கா பிரிகேட். ஒரு மாதமாகப் பின்வாங்கிக்கொண்டே இருந்த ஆட்கள், தூக்கம் கிடையாது. பிரிட்டிஷ் தரப்பிடம் அப்போது மலாயாவில் ஒரு டாங்கிகூட இல்லை. ஜப்பானியரிடம் இருநூறுக்கு மேல் இருந்தன. ரப்பர் காட்டிலும் சதுப்பிலும் டாங்கி எங்கே ஓடப்போகிறது என்று இருந்துவிட்டார்கள். காட்டில் யாரும் ஓட்டவில்லை, அருமையான தார்ச்சாலை இருக்கும்போது காடு எதற்கு?

மேஜர் ஷிமாடாவின் டாங்கிகள் இருபது அளவில் அதிகாலை மூன்றரை மணிவாக்கில் சாலையோடு வந்தன. முதல் தடையை உடைத்தார்கள். பஞ்சாப் படையினர் வைத்த கண்ணிவெடியில் சில வண்டிகள் சிக்கி, பின்னால் வந்தவை வரிசையாக நின்றன. அப்போதுதான் பக்கவாட்டில் போகும் ஒரு பழைய சாலைத் துண்டு ஜப்பானியர் கண்ணில் பட்டது. வளைவுகளை நிமிர்த்திப் புதுச்சாலை போட்டபோது கைவிடப்பட்ட பழைய வளைவுகள் அங்கே மரங்களுக்குள் அப்படியே கிடந்தன. காவல் இல்லாத அந்தத் துண்டு வழியாகச் சுற்றிப்போய்ப் பாதுகாப்பின் முதுகுப்பக்கம் ஏறினார்கள். அதன்பிறகு தடுக்க யாருமில்லை. முன்னே நடந்த சேதி பின்னே எட்டவில்லை. 5/14 பஞ்சாபும் 2/1 கூர்க்காவும் சாலையில் நடந்துகொண்டிருந்தபோதே டாங்கிகள் வந்து மோதின. லெப்டினன்ட் வாத்தானாபே ஸ்லிம் பாலத்தில் இறங்கி, வெடிகளுக்குப் போன வயரைத் தன் வாளால் வெட்டினார் என்று ஜப்பானியத் தரப்பின் விவரிப்புகள் சொல்கின்றன. பாலத்துக்கும் அப்பால் 155வது பீல்டு ரெஜிமென்டின் பீரங்கி ஒன்றுதான் கிட்டத்தில் வைத்துச் சுட்டு முன்வண்டியை நிறுத்தியது. அதற்குள் முப்பது கிலோமீட்டர் போயிருந்தார்கள், இரண்டு பிரிகேடுகள் சிதைந்திருந்தன. நான்கே நாளில், ஜனவரி 11 அன்று, கோலாலம்பூர் விழுந்தது.

முப்பது கிலோமீட்டரை முப்பத்தைந்தால் வகுத்துப் பார்த்தேன். 857 மீட்டர் சொச்சம் வருகிறது. எங்கள் குடியிருப்பிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம்.

அந்தப் பழைய சாலைத் துண்டுதான் என் மாடலின் அடித்தளம். மக்கிய இலை, உடைந்த பழைய தார், ஓரத்தில் செம்மண், சாய்ந்த மைல்கல். இதைச் செய்துகொண்டிருக்கும்போதுதான், இதுவரை எங்களில் யாரும் கேட்காத ஒன்று தோன்றியது. இந்தச் சாலையைப் போட்டவர் யார்? மலாயாவின் பொதுப்பணித் துறைக் கூலிகளும் ரயில்பாதைக் கூலிகளும் பெரும்பாலும் தமிழர்கள். நம் ஊர்த் தமிழில் ‘சடக்கு’ என்ற சொல் இவ்வளவு ஆழமாக வேரோடியிருப்பதும் அந்த உழைப்பினால்தான் என்று நினைக்கிறேன். ராணுவ வரலாறுகளில் இந்தச் சாலைத் துண்டுகள் ஒரு தந்திரோபாய விவரமாக வருகின்றன. வளைவை முதலில் வெட்டியவர்களும், பிறகு நிமிர்த்தியவர்களும் அவற்றில் வருவதில்லை.

டாங்கிகளுக்கு இன்னொரு கிளைக்கதையும் உண்டு. டிசம்பர் 11 அன்று, ஜித்ராவுக்கு வடக்கே அசுனில், கொட்டும் மழையில் டாங்கிகள் 1/14 பஞ்சாப் படையை உடைத்துக்கொண்டு போயின. அதில் பலர் வாழ்நாளில் டாங்கியையே பார்த்திராதவர்கள். அந்தப் படையில் ஒரு கேப்டன், பெயர் மோகன் சிங். சில நாட்களில் அலோர் ஸ்டார் பக்கத்தில் ஜப்பானியரிடம் சரணடைந்தார். அவர்தான் முதல் இந்திய தேசிய ராணுவத்தை அமைத்தவர். பின்னால் நேதாஜி வந்து, தோட்டத்துப் பிள்ளைகள் துப்பாக்கி பிடித்து, ஜான்சி ராணிப் படை உருவாகி — இதெல்லாம் நமக்குத் தெரிந்த கதை, பெருமையாகச் சொல்கிற கதை. அந்தக் கதையின் வாசலில் ஒரு ஹா-கோவோ சி-ஹாவோ நிற்கிறது என்பதை அநேகமாக யாரும் சொல்வதில்லை.

நாம் பெருமையாகச் சொல்லாத கதை சயாமுக்குப் போனது. 1942இன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த 415 கிலோமீட்டர் ரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். சடக்குப் போட்ட அதே கைகள். போனவர்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்று பெயர் பெயராக யாரும் எழுதி வைக்கவில்லை. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. கூலிகளுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலும் அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்ன’மும்தான் நம்மிடம் இருக்கும் வரிசை. சிங்காரத்தைத் தேடிப் படிக்கிற இளம் வாசகர்கள் இந்த இரண்டையும் விட்டுவிடுவது எனக்கு ஒரு குறைதான்.

சுங்கை வேக்கு இதில் என்ன பங்கு? 1970களில் இங்கே சுதந்திர வர்த்தக வளாகம் வந்தது. சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் கம்பெனி பஸ்ஸில் வந்து, அந்நிய எலக்ட்ரானிக் தொழிற்சாலைகளில் மூன்று ஷிப்ட் நின்றார்கள். அவற்றில் ஜப்பான் கம்பெனிகளும் உண்டு. 1982இல் அரசாங்கமே ‘கிழக்கை நோக்கு’ என்றது. என் பாட்டி ‘சப்பான்காரன் காலம்’ என்றால் மரவள்ளிக்கிழங்கைப் பற்றி மட்டும் பேசுவார், வேறெதுவும் வாயில் வராது. அவர் மகள், என் அம்மா, ‘சப்பான் கம்பெனி’ என்றால் சம்பளத்தைப் பற்றிப் பேசுவார். ஒரே சொல், இரண்டு தலைமுறை. நான் ஜப்பான் கம்பெனிப் பெட்டியை வாங்கி, ஜப்பான் டாங்கியை ஒட்டி, ஜப்பான் பெயின்ட்டை அடிக்கிறேன். இது சரியா என்று அந்தப் பையன் ஒரு நாள் கேட்டான். கொல்லும் வண்டியை இவ்வளவு ஆசையாகச் செய்வது எப்படி என்பதுதான் அவன் கேட்க வந்தது. இதை நான் பொழுதுபோக்கு என்று சொல்லித் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. அழகாக இருக்கிறது, அதனால்தான் செய்கிறோம். அந்த அழகில் ஒரு கூச்சம் இருக்கட்டும் என்றுதான் துருவைக் குறைக்கச் சொல்கிறேன். ஆரஞ்சுத் துரு டாங்கியைத் தொல்பொருளாக்கிவிடும், என்றோ முடிந்துபோன ஒன்றாக. ஷிமாடாவின் டாங்கி புதிதாக இருந்தது. எண்ணெய் போட்டு, டீசல் நிரப்பி, நல்ல சாலையில் ஓடியது. பயமுறுத்துவது அதுதான்.

கடைகளில் 1/35இல் ஜெர்மன் சிப்பாய் நூறு விதம் கிடைக்கிறான், ஜப்பான் சிப்பாயும் கிடைக்கிறான். சடக்குக் கூலி கிடைக்கமாட்டான். ஒரு பிரிட்டிஷ் பாலைவனச் சிப்பாயின் உடம்பை எடுத்து, அரைக்கால் சட்டையை வேட்டியாக்க எபாக்சிப் புட்டி பூசிக்கொண்டிருக்கிறேன். நின்றால் ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஜனவரி 7 அன்று அந்த இடத்தில் எந்தக் கூலியும் நின்றிருக்கமாட்டான், எல்லாரும் தோட்டத்துக்குள் ஓடி ஒளிந்திருப்பார்கள், ஆகவே சரித்திரப்படி இது பொருந்தாது என்று சீன நண்பர் சொன்னார். அவர் சொல்வதும் சரிதான். அதனால் டாங்கிக்கு ஒரு அடித்தளம், ஆளுக்கு ஒரு அடித்தளம் என்று பிரித்துவிட்டேன். இரண்டாவதில் அதே வளைவு, அதே மைல்கல், பத்து வருஷத்துக்கு முந்திய தேதி. தார் இன்னும் புதிது, அதற்கு எந்தக் கறுப்பு என்று முடிவாகவில்லை. கெடுவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.