தேக்கங்காட்டினுள் குளக்கட்டு

வட இலங்கையில் வன்னியின் தொல்லியலை நெடுங்காலம் காத்தது சட்டமன்று, காடு. குளம் உடைந்து குடிகள் பெயர்ந்தபின் பாலையும் வீரையும் முதிரையும் கட்டின்மேல் ஏறி வேரால் மண்ணை இறுக்கிக்கொண்டன. ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைநூலில் வரும் பாழ்குளங்களும் கற்றூண்களும் பெரும்பாலும் காடு மூடிக் கிடந்தவையே. வேர் செங்கற் கட்டடத்தைப் பிளக்கும் என்பது மெய்தான். ஆனால் வேர் நூறாண்டில் செய்வதைப் புல்டோசர் ஒரு முற்பகலில் செய்து முடித்துவிடும்.

தானாய் வளர்ந்த காட்டையும் வளர்த்த காட்டையும் நாம் ஒன்றாய்ப் பார்ப்பதுதான் முதற் சிக்கல். தேக்கு நடுவதென்றால் இருந்த காட்டை வெட்டி எரிக்கவேண்டும், குழி தோண்டவேண்டும், முதிர்ந்தபின் தறித்த மரத்தை இழுத்துச் செல்லவேண்டும். தொல்லியலாளர் தேடும் தடயமோ பெரும்பாலும் ஓரிரு சாண் ஆழத்துக்குள். கிளிநொச்சியின் இரணைமடு இதற்கு நல்ல சான்று. அப்பெயரால் வழங்கும் சரளைப் படிவுகளில் கற்கால மனிதனின் சிறு கருவிகள் கிடைக்கின்றன. ஒரு குவார்ட்சுச் சில்லைக் கன்று நடுபவர் கூழாங்கல் என்றே எறிவார். அவரைக் குறைசொல்ல முடியாது. பூநகரியில் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் கண்டெடுத்த கறுப்புச் சிவப்பு மட்கல ஓடுகளும் அத்தகையவையே. இடம் கலைந்தால் ஓடு மிஞ்சும், வரலாறு மிஞ்சாது. பாறையில் வெட்டியவை சற்றே உறுதியானவை. வவுனியா பெரியபுளியங்குளத்தில் தமிழ் வணிகன் விசாகனைச் சொல்லும் பிராமிக் கல்வெட்டுகள் ஈராயிரம் ஆண்டு மழையைத் தாங்கிவிட்டன. கல்லுடைக்கும் வெடியை எந்தக் கல்வெட்டும் தாங்காது.

சட்டம் இல்லாமலில்லை. 1907ஆம் ஆண்டின் வனச் சட்டம் ஒருபுறம், 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் சட்டம் மறுபுறம். அபிவிருத்தித் திட்டங்களுக்கு முன் தொல்லியல் தாக்க மதிப்பீடு வேண்டும் என்பது 1998ஆம் ஆண்டுத் திருத்தம். ஆனால் சட்டத்தைவிட எல்லைக்கல்தான் ஊரவருக்கு முதலில் தெரிகிறது. குருந்தூர்மலை 1933இலேயே வர்த்தமானியில் ஏறிய காப்பிடம். 2021இல் அங்கு அகழ்வு தொடங்கியபின் கட்டுமானமும் காணியும் பற்றி எழுந்த பிணக்கு முல்லைத்தீவு நீதிமன்றம் வரை சென்றதை நாடறியும். வவுனியா வடக்கின் வெடுக்குநாறி மலையில் வழிபாட்டுக்கே தடை வந்தது. இவற்றைக் கண்ட பிறகு தன் வயலோரத்தில் தூணொன்று தட்டுப்படும் விவசாயி வாய் திறப்பாரா? மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போவார். காணியைப் பறிக்கும் என்ற அச்சத்தைத் தரும் பாதுகாப்பு, தனக்கு வேண்டிய முதற் சாட்சியையே ஊமையாக்குகிறது. என் கணிப்பில் புதையல் தோண்டுவோரைவிட இந்த மௌனமே பெரிய சேதம்.

வேறு வழியும் உண்டு. பிரித்தானியாவில் வளர்ப்புக் காடுகளின் வரைபடத்திலேயே பழைய மண்மேடுகள் குறிக்கப்பட்டிருக்கும். அம்மேடுகளில் மரம் நடுவதில்லை, பொறிகள் செல்லும் தடமும் விலகிப் போகும். கம்போடியாவின் அங்கோரில் 2012இல் வானிலிருந்து லேசர் அளவீடு செய்து காட்டின் கீழிருந்த தெருக்களையும் குளங்களையும் கண்டார்கள். வன்னிக்கும் அது உதவும். அலைகரையும் துருசும் எங்கே இருந்தன என்று அது காட்டிவிடும். ஓடு சிதறிய திட்டை அது காட்டாது. அதற்குத் தேனெடுப்பவரும் மாட்டுப்பட்டிக்காரரும் வேண்டும். வனவள அலுவலர் மரத்துக்குக் குறியிடப் புறப்படும் நாளுக்கு முன்னரே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் சிலரும் அந்தந்த ஊர்ப் பெரியவர் இருவரும் அவரோடு காட்டுக்குள் நடக்கட்டும். அவர்கள் காட்டும் இடத்தை முதலில் தேக்கு வரைபடத்தில் வெற்றிடமாக விடலாம். வர்த்தமானி பிறகு வரட்டும்.