காலையில் எழுந்த பாரம் பிற்பகலில் எழாதது ஏன்?

சித்திரை மாதத்துப் பிற்பகல். திண்டுக்கல் சமவெளியில் நிற்கிறீர்கள். ஒரு புறம் சிறுமலை, மறு புறம் கொடைக்கானல் மலைத்தொடர், நடுவே நிலக்கடலையும் வெங்காயமும் விளையும் நிலங்கள். தொட்டி நிறையப் பூச்சி மருந்தைச் சுமந்த சிறு விமானம் ஒன்று இங்குள்ள மண்பாதையிலிருந்து கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். காலையில் இதே பாரத்துடன் அது எளிதாக எழுந்தது. இப்போதும் எழுமா? இந்தக் கேள்விக்குத் தவறாக விடை கண்ட விமானிகள் பலர் உயிரிழந்திருக்கிறார்கள்.

விமானத்திலிருந்து மருந்து தூவும் முறை 1921 ஆகஸ்டு 3-இல் அமெரிக்காவின் ஓஹயோ மாநிலத்தில் தொடங்கியது. ராணுவ விமானி ஜான் மக்ரெடி, ஒரு மரத்தோப்பில் புழுக்களை அழிக்க நச்சுப் பொடியைத் தூவினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஸ்டியர்மேன், டைகர் மாத் போன்ற பழைய பயிற்சி விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. முன்னிருக்கையை எடுத்துவிட்டு அங்கே மருந்துத் தொட்டியை வைத்தார்கள். ஆனால், அவை பாரம் சுமப்பதற்காகப் பிறந்தவை அல்ல.

விமானத்தைத் தூக்குவது காற்று. காற்று சூடேறினால் விரிகிறது, அதன் அடர்த்தி குறைகிறது. அப்போது இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசை, எஞ்சினின் திறன், புரொப்பெல்லரின் இழுவை ஆகிய மூன்றும் ஒருசேரக் குறைகின்றன. திண்டுக்கல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 270 மீட்டர் உயரத்தில் உள்ளது. வெப்பம் 38 டிகிரி செல்சியஸை எட்டும்போது, கடல் மட்டத்தில் 15 டிகிரியில் இருக்கும் காற்றைவிட இங்குள்ள காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 10 விழுக்காடு குறைவு. நாம் நிற்பது சமவெளிதான். விமானத்துக்கோ அது 1,200 மீட்டர் உயர மலையின்மேல் நிற்பதற்குச் சமம்!

இதனால் எழுவதற்கு ஓடவேண்டிய தூரம் கால் பங்குக்குக் குறையாமல் நீள்கிறது. எடை 10 விழுக்காடு கூடினால் ஓட்டம் மேலும் 20 விழுக்காடு நீளும். 300 மீட்டரில் எழவேண்டியது 450 மீட்டர் ஓடியாக வேண்டும். பாதை ஈரமாகவோ புல் மண்டியோ இருந்தால் இன்னும் கூடும். பாதை முடிந்த இடத்தில் தென்னை மரங்களோ மின்கம்பியோ நின்றால் என்ன ஆகும்?

விபத்தை முற்றிலும் ஒழிக்க முடியாது, விமானியைக் காக்கலாம் என்று சிலர் எண்ணினர். 1917-இல் பயிற்சியின்போது விமானத்துடன் விழுந்து பிழைத்த ஹ்யூ டிஹேவன், விழுந்தவர்களில் சிலர் மட்டும் பிழைப்பது எப்படி என்று பின்னாளில் ஆராய்ந்தார். வலிமையான கூடும் தோள்வாரும் உயிரைக் காக்கும் என்று கண்டார். வேளாண்மைக்கென்றே ஃபிரெட் வீக் வடிவமைத்த ஏ.ஜி.-1 விமானம் 1950 டிசம்பர் 1-இல் பறந்தது. அவர் பங்களிப்பில் உருவாகி 1959-இல் வந்த பைப்பர் பானியில் எஞ்சினும் தொட்டியும் முன்னே, விமானி பின்னே உயரத்தில். மோதினால் முன்பகுதி நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். விமானம் எழத் தயங்கினால், ஒரு பிடியை இழுத்து மருந்து முழுவதையும் சில விநாடிகளில் கொட்டிவிடும் வசதியும் இவ்வகை விமானங்களில் இடம்பெற்றது.

நம் நாட்டில் பெங்களூர் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'பசந்த்' 1972 மார்ச் 30-இல் பறந்தது. 400 குதிரைத்திறன் எஞ்சின் கொண்ட அதன் வெற்று எடை சுமார் 1,200 கிலோ. எழும்போது அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2,270 கிலோ. ஏறத்தாழ தன் எடையளவு சுமையைத் தூக்கவேண்டிய நிலை! 1980-இல் அதன் உற்பத்தி நின்றது.

இன்று நம் வயல்களில் மருந்து தெளிப்பவை ட்ரோன்கள். அவற்றில் விமானி இல்லை. ஆயினும் காற்றின் கணக்கு மாறவில்லை. உச்சி வெயிலில் நிறைந்த தொட்டியுடன் எழும்போது மோட்டாரும் மின்கலமும் கூடுதலாக உழைக்கின்றன. ஆகவே உங்கள் ஊரில் ட்ரோன் வந்தால், காலைக் குளிர்ச்சியில் தெளிக்கச் சொல்லுங்கள். அது எழும் இடத்தைவிட்டு விலகி நில்லுங்கள். வேடிக்கை பார்க்க ஓடிவரும் குழந்தைகளையும் தள்ளி நிறுத்துங்கள்.