இறந்தவர், ஊர்விட்டவர், மறந்தவர்

ஆடியும் பாடியும் பிழைத்த ஒருவருக்கு நினைவு தப்பினால் அதை எந்த ஏட்டில் தேடுவது? தஞ்சையில் கலைஞர்களின் பழைய பதிவு என்றால் முதலில் பெரிய கோயில் சுவர்தான்.

முதலாம் ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலில் ஆடும் பெண்களை, குடியேற்றிய கல்வெட்டு, ஹூல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. தெருவின் எந்தச் சிறகு (பக்கம்), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்று ஒன்று விடாமல் எழுதியிருக்கிறார்கள். ஆளுக்கொரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல், ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்து. எனக்கு வேண்டிய இடம் இதை அடுத்து வருகிறது. ஒருவர் இறந்தாலோ வேற்றூர் போனாலோ நெருங்கிய உறவினர் பங்கைப் பெற்றுப் பணி செய்யலாம். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள ஒருவரை அமர்த்த வேண்டும். வாரிசின் தகுதிவரை யோசித்த கணக்கில், உயிரோடு அதே வீட்டில் இருந்துகொண்டு அடவை மறந்தவளுக்கு ஒரு வரிகூட இல்லை. வீட்டார் மறைத்திருப்பார்கள் என்பது என் ஊகம். நெல் போய்விடுமே!

பிற்காலத்தில் மறைக்கவே தேவையில்லாமல் போயிற்று, மறதிக்கு வேறு பெயர் கிடைத்துவிட்டது. ஹாலிவுட் நடிகை ரீட்டா ஹேவொர்த்தைப் பல ஆண்டுகள் குடிகாரி என்றார்கள். அவருக்கு அல்சைமர் என்பது 1981இல்தான் வெளியே தெரிந்தது.

தடயம் முழுசாகக் கிடைப்பது இன்னொரு ஹாலிவுட் நடிகர் ராபின் வில்லியம்ஸ் விஷயத்தில். 2011இல் பிராட்வே மேடையில் வசனம் பிசகாமல் நடித்தவர், 2014 வசந்தத்தில் வான்கூவர் படப்பிடிப்பில் ஒரு வரியை நினைவில் நிறுத்தத் திணறினார். மே மாதம் பார்க்கின்சன் என்றார்கள். ஆகஸ்ட் 11 அன்று, 63 வயதில், உயிரை மாய்த்துக்கொண்டார். மனச்சோர்வு, பணக்கஷ்டம், பழைய குடி என்று ஆளுக்கொரு காரணம் எழுதினார்கள். பிரேதப் பரிசோதனைதான் மூளை முழுக்கப் பரவியிருந்த லூயி பாடிகள் என்னும் புரதத் திரள்களைக் காட்டியது. அச்சம், சந்தேகம், தூக்கமின்மை, நடுக்கம் என்று ஒவ்வொன்றாக வந்ததை அவர் மனைவி சூசன் 2016இல் ‘நியூராலஜி’ இதழில் எழுதினார். நோயின் பெயர் தெரியாமலேயே ராபின் போனார்.

அதனால் தஞ்சை வட்டார மேளக்காரர் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். ஐம்பது வருஷம் வாசித்தவர் தாளம் தவறினால், இல்லாத ஆளைப் பார்த்தால், தூக்கத்தில் கைகால் வீசினால், ‘வயசாச்சு’ என்று விட்டுவிடாதீர்கள். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். பிரமைக்குத் தரும் சில மாத்திரைகள் லூயி பாடி உள்ளவர்களுக்குப் பெருங்கெடுதல் செய்யும். அந்த நோட்டு அதையும் தடுக்கலாம்.