அபினிக்கு நிதி உண்டு, மருந்துக்கு?

போதைக்கு அடிமைப்பட்டவனைக் குறித்து உலகம் இரண்டு கேள்விகளைக் கேட்பது வழக்கம். இப்பழக்கத்தில் அவன் ஏன் வீழ்ந்தான் என்பது ஒன்று. இதனை அவன் ஏன் விட்டொழிக்கவில்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் கேட்டு, அவனை ஏசிவிட்டு, நம் வழியே போய்விடுகின்றோம். மூன்றாவது கேள்வி ஒன்றுண்டு. விட்டொழிக்க விரும்பி முன்வருகின்றவனுக்கு மருந்துக்கான காசை யார் கொடுப்பது? இது கிராணிமார் கேட்கும் கேள்வி என்று சிலர் இகழக்கூடும். ஆயினும் நாட்கூலி வாங்கும் மனிதனின் வாழ்வில் அறமும் ஒழுக்கமும் கணக்கேட்டின் வழியாகவே நுழைகின்றன. மலாய் நாட்டு அபினியின் சரித்திரத்தை இக்கேள்வியோடு புரட்டிப் பார்ப்போமாயின், நாம் அறிய வேண்டிய பாடம் ஒன்று அதிலுண்டு.

வருமானம் ஆன வியாதி

சிங்கை 1819-இல் ஆங்கிலேயர் கைப்பட்ட சில ஆண்டுகளுக்குள்ளாகவே அபினி விற்கும் உரிமை அங்கே குத்தகைக்கு விடப்பட்டது. கங்கைக் கரையின் வயல்களில் விளைந்து, கல்கத்தாவில் ஏலம் போன அபினிப் பெட்டிகள் கப்பலேறி இங்கு வந்தன. குத்தகை எடுத்த சீனத் தவுக்கேமார் அதனைக் காய்ச்சிச் சண்டு என்னும் பாகாக்கி விற்றனர். வாங்கியவர் யாவர்? ஈயச் சுரங்கத்திலே இடுப்பளவு நீரில் நின்றவர், துறைமுகத்திலே மூட்டை சுமந்தவர், ரிக்ஷா இழுத்தவர் ஆகிய ஏழைச் சீனத் தொழிலாளரே பெரும்பான்மையோர். உடல்வலி மறக்கப் புகைத்தனர். பின்னர் புகைக்காவிடில் உடல் வலித்தது.

இருபதாம் நூற்றாண்டு பிறந்த காலத்தில், சிங்கை, பினாங்கு, மலாக்கா ஆகிய குடியேற்றங்களின் அரசாங்க வருமானத்தில் ஏறக்குறையச் சரிபாதி அபினியால் வந்தது. அக்காலத்துச் சாலைகளும் பாலங்களும் எவருடைய காசால் எழுந்தன என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமோ? 1910-ஆம் ஆண்டு முதல் குத்தகை முறை ஒழிந்தது. ஆனால் அபினி ஒழியவில்லை. சர்க்காரே அதனைக் காய்ச்சி விற்கத் தலைப்பட்டது.

இலையும் இலவசமும்

எதிர்ப்பு எழாமல் இல்லை. 1906-இல் சிங்கையில் டாக்டர் லிம் பூன் கெங், டாக்டர் யின் சுவாட் சுவான் முதலியோர் முயற்சியால் அபினிப் பழக்கத்தை விட விரும்புவோருக்கான விடுதி ஒன்று திறக்கப்பட்டது. பினாங்கில் டாக்டர் ஊ லியென் தே அபினி ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். நாடெங்கும் அபினி தாராளமாக விற்ற அந்நாளில், தம் மருந்தறையில் ஓர் அவுன்ஸ் அபினிக் கரைசலை வைத்திருந்தார் என்று அவர் மீதே வழக்குத் தொடுத்துத் தண்டம் விதித்தனர். புகைப்பவனுக்கு விற்றால் வருமானம். வைத்தியன் வைத்திருந்தால் குற்றம்! இந்த நீதியை என்னவென்று சொல்வது?

அதே காலத்தில் சிலாங்கூர்க் காட்டில் வளரும் ஒரு கொடியைப் பற்றிய செய்தி காட்டுத்தீப்போல் பரவிற்று. அதன் இலையை உலர்த்தி, வறுத்து, கஷாயம் இறக்கி இரண்டு புட்டிகளில் நிரப்புவர். முதற் புட்டியில் மட்டும் புகைப்பவன் வழக்கமாகக் கொள்ளும் அபினியைக் கணக்கிட்டுக் கலப்பர். அவன் அதிலிருந்து ஒரு வேளை பருகியதும், குறைந்த அளவுக்கு இரண்டாம் புட்டியின் வெறுங்கஷாயத்தை முதற் புட்டியில் ஊற்றிவிடுவர். இவ்வாறு நாள்தோறும் அபினி நீர்த்துக்கொண்டே போகும். இரண்டாம் புட்டி தீர்ந்தபின் முதற் புட்டியில் எஞ்சியதையும் பருகி முடிப்பான்.

பின்னர் இரசாயன நிபுணர் அவ்விலையைச் சோதித்தபோது, அபினியை முறிக்கும் சக்தி எதனையும் அதில் கண்டிலர். அப்படியாயின் பயனடைந்தவர் எவ்வாறு பயனடைந்தனர்? அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்த முறையே அவர்களுக்கு உதவிற்று எனக் கருதுவதே அறிவுக்குப் பொருந்தும். இன்னொன்றும் உண்டு. அக்கஷாயம் ஏழைகளுக்கு விலையின்றி வழங்கப்பட்டது. அதே நாட்களில் கடைகளில் காசுக்கு விற்ற ‘அபினி ஒழிப்பு மாத்திரை’களிலோ பெரும்பாலும் அபினிச் சத்தாகிய மார்பியாவே மறைந்திருந்தது. ஒரு விலங்கைக் கழற்ற வந்தவனுக்கு மற்றொரு விலங்கை விலைக்கு விற்றனர். ஏழை இலவச இலையைத் தேடி ஓடியதில் வியப்பென்ன?

கஜானாவுக்கு ஆறுதல்

1925-இல் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. உலக நாடுகளின் கண்டனம் வலுத்ததால் என்றேனும் ஒருநாள் அபினி வருமானம் நின்றுபோகும் என்று அஞ்சிய சர்க்கார், அந்நஷ்டத்தை ஈடுசெய்யத் தனி நிதி ஒன்றை நிறுவிற்று. அபினியை இழக்கப்போகும் கஜானாவுக்கு நிதி உண்டாயிற்று! அபினியால் உடலையும் கூலியையும் இழந்தவனுக்கு அதற்கு நிகரான நிதி எங்கே? அக்கடமை பெரும்பாலும் தொண்டு மனம் படைத்தோர் தலையிலேயே விழுந்தது. 1933-இல் சிங்கையில் அபினி ஒழிப்பு மருத்துவ நிலையத்தைத் தொடங்கி உழைத்த டாக்டர் சென் சு லான் அத்தகையோரில் ஒருவர். 1935-இல் அவர் மலாய் நாட்டின் அபினிப் பிரச்சினையைக் குறித்து ஒரு நூலும் எழுதினார்.

யுத்தத்தின் நடுவே 1943-இல் பிரிட்டிஷ் அரசாங்கம் அபினி விற்பனையைக் கைவிடுவதாக அறிவித்தது. 1946 பிப்ரவரியில் இங்கு தடை நடைமுறைக்கு வந்தது. நூறாண்டுக்கு மேல் விற்ற கை, ஒரே நாளில் தண்டிக்கும் கையாக மாறிற்று. விற்ற காலத்தில் வாங்கப் பழகியவனுக்குச் சிகிச்சை அளிக்கச் சிங்கையின் செயிண்ட் ஜான்ஸ் தீவில் சர்க்கார் நிலையம் திறந்தது 1955-இலேதான். இடையில் ஒன்பது ஆண்டுகள்!

மெத்தடோன் தந்த விடை

அபினி போய் ஹெராயின் வந்தது. 1965-இல் நியூயார்க்கில் டாக்டர் டோல், டாக்டர் நைஸ்வாண்டர் என்னும் இருவர், மெத்தடோன் என்னும் மருந்தை நாள்தோறும் அளவோடு கொடுத்தால் ஹெராயின் வேட்கை அடங்கி, நோயாளி வேலைக்குச் செல்ல இயலும் என்று எடுத்துக்காட்டினர். மலேசியாவில் ஊசி பகிர்வதால் எச்.ஐ.வி. பரவிய பின்னரே அதற்கு வழி பிறந்தது. முன்னதாகத் தனியார் மருத்துவரிடம் புப்ரினோர்பின் என்னும் மருந்து கிடைத்தது. ஆனால் காசுள்ளவனுக்கே கிடைத்தது. முழு அளவுக்குக் காசில்லாதவன் பாதி அளவு வாங்கினால் பாதி நோயா தீரும்? 2005 அக்டோபரில் அரசாங்கம் சுமார் 1,200 பேரைக் கொண்டு மெத்தடோன் திட்டத்தைத் தொடங்கிற்று. அரசாங்க மருத்துவ நிலையத்துக்கு வந்தவனிடம் மருந்தின் விலையைக் கேட்கவில்லை. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் இவ்விரு மருந்துகளையும் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

நம்மவர் கடமை

இது சீனர் கதை, நமக்கென்ன என்பார் உளராயின், தோட்டத்துக் கள்ளுக்கடையை அவர்கள் நினைவுகூர்க. பால்மரக் காட்டில் உழைத்தவனின் கூலியைச் சம்பள நாளன்றே வாங்கிக்கொண்ட கடை அது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடையை மூடுக என்பதும் அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்றாயிருந்தது. பெயர் வேறு, சரக்கு வேறு, கணக்கு ஒன்றே.

மருந்து இலவசம் என்பதனால் சிகிச்சை இலவசமாகிவிடாது என்பதையும் உணர்தல் வேண்டும். மெத்தடோன் உட்கொள்பவன் தொடக்கத்தில் நாள்தோறும் நிலையத்துக்குச் சென்று ஊழியர் முன்னிலையில் பருக வேண்டும். போக்குவரத்துச் செலவு யார் தருவது? காலைப் பெரட்டுக்குப் பிந்தியவன் பெயருக்கெதிரே விழும் கோட்டை யார் அழிப்பது? அரைநாட் கூலி போயிற்றென்றால் வீட்டில் அடுப்பு எரிவது எங்ஙனம்? இச்சிறு தொகைகளே அவனைப் பாதிவழியில் திருப்பி அனுப்புவன.

திருவிழாவுக்கு வாணவேடிக்கை விட நிதி திரட்டும் நம் சங்கங்கள், மாதந்தோறும் ஒரு மனிதனின் வண்டிச் சத்தத்தை ஏற்கக் கூடாதோ? வேலை கொடுப்போர், காலையில் ஒரு மணி நேரம் விட்டுக்கொடுக்கக் கூடாதோ? அவனைக் குடிகாரன், கஞ்சாக்காரன் என்று ஏசுவதற்குச் செலவொன்றுமில்லை. ஆதலினாற்றான் அதை எல்லாரும் தாராளமாகச் செய்கின்றோம். ஒருவனைக் கெடுக்கும் பொருளுக்கு வாசல்தோறும் கடை வைத்த சமுதாயம், அவனைத் திருத்தும் பொருளுக்கு மட்டும் விலை கேட்பது நியாயமன்று. அக்கடனைத் தீர்ப்பது தருமமென்று பேசற்க. அது பழைய பாக்கி.